மூன்று நூல் பெரிய சட்டி

மியூசியத்துப் பெண் வீடு வீடாக வந்து விசாரித்துவிட்டுப் போன அன்றைக்கே அந்தத் தெருவில் இருந்த இரும்பெல்லாம் தலைமறைவாகிவிட்டது. முதல் வீட்டில் கதவுக்கு அண்டை கொடுத்திருந்த இரும்பு ஆமை கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்தது. எதிர்வீட்டு இஸ்திரிப் பெட்டி சாக்குக்குள் ஒளிந்தது. தையற்காரி தன் பங்குக்கு அடுப்பிலிருந்த சட்டியை இறக்கிக் கழுவி, வெட்டுத்துணி மூட்டைக்குள் புதைத்துவிட்டு, மெஷினில் உட்கார்ந்து ஒன்றும் தெரியாதவள் போல மிதித்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பெண் கேட்டதென்னவோ நல்லவிதமாகத்தான். பவுண்டரியை மூடிப் பல வருஷம் ஆகிவிட்டது. இப்போது உலையைத் துடைத்து, ஓட்டைக் கூரையை அடைத்து, மியூசியம் ஆக்குகிறார்கள். அந்தக் காலத்தில் அச்சுகளில் இரும்பு ஊற்றி முடித்ததும் வாளியின் அடியில் கொஞ்சம் மிஞ்சும். அதைத் திரும்பக் கம்பெனிக் குவியலில் கொட்ட வேண்டும் என்பது சட்டம். மணல்மேட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன அச்சைப் பிடித்து ஒளித்து வைத்திருந்து, அதில் ஊற்றி ஒவ்வொரு தொழிலாளியும் தனக்கென்று ஒரு சாமான் செய்துகொள்வது வழக்கம். அதைத்தான் அவள் கேட்டு வந்தாள்.

"கொடுத்தீங்கன்னா காட்சிக்கு வெச்சு, கீழ உங்க பேர் போட்டுடறோம்மா."

"எங்க வீட்டுல தகரம்கூடக் கிடையாது கண்ணு" என்றாள் தையற்காரி.

அந்தப் பெண்ணின் தலை மறைந்ததும் உள்ளே இருந்து கொழுந்தன் வந்தான். அவனும் பவுண்டரியில் இருந்தவன்தான். வார்ப்பில் ஒட்டியிருக்கும் பிசிறை உளி வைத்துத் தட்டி எடுக்கிற வேலை பார்த்ததில் காது பாதி போய்விட்டது. மீதிக் காதால் எல்லாவற்றையும் கேட்டுவிடுவான்.

"பேர் போடறாங்களாம் பேர்! பேரைப் போட்டு அப்புறம் போலீஸுக்குப் போன் போடறதுக்கா? கம்பெனிக்காரன் போனாலும் அவன் புத்தி போகலை அண்ணி."

அவள் புருஷன் மோல்டர். மணலில் அச்சுப் பிடிக்கிறவர். இப்போது சனி ஞாயிறுகளில் மியூசியத்தில் நின்று, வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்கு மணலை எப்படிச் சலிப்பது, எவ்வளவு ஈரம் சேர்ப்பது, எப்படி இடித்து இறுக்குவது என்று செய்து காட்டுகிறார். கடைசியில் இரும்பு ஊற்றுவது மட்டும் கிடையாது. அச்சைப் பிடித்து, எல்லோரும் கைதட்டியதும் கலைத்துவிட வேண்டும். வீட்டுக்கு வந்தால் நகக்கண்ணில் அதே கறுப்பு மணல் இருக்கும். ஆனால் சட்டையில் தீப்பொறி ஓட்டை இருக்காது. ஓட்டை அடைக்கிற வேலை ஒழிந்ததில் தையற்காரிக்கு நிம்மதி.

மூட்டைக்குள் புதைத்த சட்டி லேசுப்பட்ட சட்டி அல்ல. கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஒரு தையல் கடையில் வேலை பார்த்தபோது மோல்டர் சட்டைக்குத் துணி கொண்டு வந்தார். தைத்து நூலை நறுக்கும்போது கத்திரி நழுவி ஒரு பொத்தானின் விளிம்பில் பட்டு வடு விழுந்துவிட்டது. வேறு பொத்தான் வைத்துத் தைத்து, வடுப்பட்டதைச் சட்டைப் பையில் போட்டுக் கொடுத்தாள். அந்தப் பொத்தான் மறுபடி அவளிடம் வந்தது இரும்பாக. கைப்பிடியில் அதன் உருவம் புடைத்து நிற்க, ஒரு சட்டியை வார்த்துக் கொண்டுவந்து அவள் கையில் வைத்து, "உலகத்திலேயே இது ஒண்ணுதான். வார்த்ததும் அச்சை உதைச்சுக் கலைச்சுட்டேன்" என்றார். அவள் விழுந்தது அந்த இடத்தில்தான். சட்டை அளவெடுத்தபோது ஆளைச் சரியாகப் பார்த்ததாகக்கூட அவளுக்கு ஞாபகம் இல்லை.

மியூசியத் திறப்பு விழாவுக்குத் தொழிலாளர் குடும்பங்கள் எல்லோரையும் கூப்பிட்டிருந்தார்கள். விடாமல் தூறிக்கொண்டிருந்தது. வாசலில் நின்றவர் மோப்பம். பவுண்டரி ஓடிய காலம் முழுக்க அதே வாசலில் காவல் நின்றவர். யார் பையில் இரும்பு இருக்கிறது என்று மூக்காலேயே சொல்லிவிடுவார் என்று அந்தப் பெயர். பழைய மாதிரியே இருக்கட்டும் என்று மியூசியக்காரர்கள் அவருடைய பழைய காக்கி உடுப்பையே போடச் சொல்லியிருந்தார்கள். பித்தளைப் பொத்தான்களைப் புளி போட்டுத் துலக்கியிருந்தார். உள்ளே போகிறவர்களின் பையைச் சோதிக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் தையற்காரியின் கைப்பைக்குள் அவர் கை தானாக நுழைந்து துழாவியது.

"என்னண்ணே, உள்ள கொண்டுபோறதுக்கும் சோதனையா?"

"பழக்கம்மா" என்று கையை எடுத்துக்கொண்டார்.

உலை, வாளிகள், மணல் சல்லடை என்று பார்த்துக்கொண்டே போனவள் கடைசி அறையில் நின்றுவிட்டாள். கயிறு கட்டிய ஒரு மேசை மேல் அவளுடைய சட்டி உட்கார்ந்திருந்தது. அதே வயிறு, அதே உதடு, அதே கைப்பிடி. அதன்மேல் நாலு ஓட்டைப் பொத்தான். விளிம்பில் வடு.

வீட்டில் மூட்டைக்குள் வைத்ததை யாரோ எடுத்துக் கொடுத்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். குனிந்து அடியைப் பார்த்தாள். கரி இல்லை. துரு சுரண்டிய தடம்தான் இருந்தது. ஒரு நாளும் அடுப்பேறாத சட்டி. கீழே அட்டையில், 'மிச்ச இரும்பில் வார்த்த சட்டி. பெயர் சொல்ல விரும்பாத குடும்பம் அளித்தது' என்று போட்டிருந்தது.

அட்டையை இரண்டு தடவை படித்தாள். நான் இத்தனை வருஷமாகக் கரியும் எண்ணெயுமாகத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன், இன்னொருத்தி அடுப்பில்கூட வைக்காமல் பொக்கிஷமாகப் பாதுகாத்திருக்கிறாள். பெயர் சொல்ல வேறு வெட்கம் அவளுக்கு!

மறுநாள் மத்தியானம் மோல்டர் சாப்பிட உட்கார்ந்தார். தட்டில் உருளைக்கிழங்கு விழுந்த சத்தத்திலேயே அவருக்கு விஷயம் புரிந்திருக்க வேண்டும்.

"அங்க ஒரு சட்டி வெச்சிருக்காங்களே, பாத்தீங்களா?"

"எத்தனையோ சாமான் இருக்கு. எதைன்னு பாக்கறது."

"நம்ம சட்டி மாதிரியே இருக்கு."

"சட்டின்னா எல்லாம் சட்டி மாதிரிதான் இருக்கும்."

"பொத்தானும் இருக்கு."

"பொத்தான்னா எல்லாம் ஒரே மாதிரிதான்."

"என் கத்திரி பட்ட வடுவும் ஒரே மாதிரியா?"

அவர் தண்ணீரைக் குடித்தார். குடித்து முடித்த பிறகும் டம்ளரை வாயிலிருந்து எடுக்கவில்லை. "அந்த ரூம்ல வெளிச்சம் கம்மி. நீ சரியாப் பாத்திருக்க மாட்டே" என்று எழுந்து போனார். தட்டில் பாதிச் சாப்பாடு அப்படியே கிடந்தது.

சந்தேகம் வந்துவிட்டால் தையற்காரிக்கு வசதி அதிகம். தெருப் பெண்கள் எல்லோரும் அளவு கொடுக்க அவளிடம்தான் வர வேண்டும். டேப்பைக் கழுத்தில் சுற்றிப் போட்டுக்கொண்டே பேச்சுக் கொடுத்தாள். பவுண்டரி ஆபீசில் டைப் அடித்தவளிடம், "உங்க வீட்டுல சமையலுக்கு இரும்புச் சட்டியா, அலுமினியமா?" என்று கேட்டாள். உலைக்காரர்களுக்குத் தண்ணீர் சுமந்தவளிடம், "மியூசியத்துல யார் யாரோ சாமானெல்லாம் கொடுத்திருக்காங்களாமே" என்று தூண்டில் போட்டாள். இருவரும் விழித்தார்கள். விழிக்கிற விதமே சரியில்லை என்று அவளுக்குப் பட்டது. டைப் அடித்தவளின் கழுத்தளவை வேண்டுமென்றே ஒரு இழுப்பு இறுக்கிக் குறித்துக்கொண்டாள்.

புதன்கிழமை மியூசியத்தில் கூட்டமும் இருக்காது, மோல்டரும் இருக்க மாட்டார். டேப்பை எடுத்துக்கொண்டு போனாள். ஆள் இல்லாத நேரம் பார்த்துக் கயிற்றுக்கு மேலாகக் குனிந்து, சட்டியின் உதட்டைச் சுற்றி டேப்பை ஓட்டினாள். தன் சட்டியை வீட்டிலேயே அளந்துகொண்டு வந்திருந்தாள். இன்னொரு தடவை அளந்தாள். சந்தேகமே இல்லை, அங்குலத்துக்கு எட்டு நூல் என்ற கணக்கில் இது மூன்று நூல் பெரிது.

அவள் திரும்பி வந்தபோது மழை பெய்தது, நனைந்தாள், உறைக்கவே இல்லை. அளவு வேறென்றால் ஆள் வேறு. ஒரே வெட்டில் வெட்டிய இரண்டு சட்டைகளுக்குள் மூன்று நூல் வித்தியாசம் வராது. வேறு யாரோ ஒரு மோல்டர், வேறு ஏதோ ஒரு பொத்தான். வடு எந்தப் பொத்தானில்தான் விழாது? வீட்டுக்கு வந்ததும் மூட்டையிலிருந்து சட்டியை எடுத்து, முட்டையும் வெங்காயமும் அள்ளிப் போட்டு வதக்கினாள். தெரு முனை வரை வாசனை போனது. கொழுந்தனையும் சாப்பிடக் கூப்பிட்டாள்.

"நான் அவசரப்பட்டுட்டேங்க" என்று மோல்டரின் தட்டில் இன்னொரு கரண்டி வைத்தாள். "அந்தச் சட்டி வேற. அளந்துட்டே வந்துட்டேன். மூணு நூல் பெரிசு."

மோல்டரின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. கொழுந்தன் அண்ணன் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டான்.

"எது பெரிசு அண்ணி? அங்க இருக்கறதா?"

"ஆமா. அதான் வேற சட்டின்னு சொல்றேனே."

"நல்லாப் பாத்தீங்க போங்க!" என்று சிரித்தான். "உருகின இரும்பு ஆறும்போது சுருங்கும் அண்ணி. புதுத் துணி தண்ணியில போட்டா சுருங்கல? அது மாதிரி. மரத்துல செஞ்ச மாதிரியை மணல்ல அமுக்கி வார்க்கறது ஒரு விதம். வார்த்த சட்டியையே எடுத்து மணல்ல அமுக்கி, இன்னொரு சட்டி வார்க்கறது இன்னொரு விதம். அப்ப ரெண்டாவது கொஞ்சம் சின்னதாத்தான் வரும். அச்சு அசலா அதே சட்டி, மூணு நூல் சின்னது, அப்படின்னா அது தாய், இது குட்டி. நம்ம வீட்டுச் சட்டி அதுல இருந்து…"

அப்போதுதான் அண்ணன் முகத்தைப் பார்த்தான். பாதிக் காது போனது போதாதென்று பேச்சும் போய்விட்டது அவனுக்கு. கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் கிளம்பிவிட்டான்.

"குட்டியா?" என்றாள் தையற்காரி.

மோல்டர் தட்டைத் தள்ளி வைத்தார்.

"உலகத்திலேயே ஒண்ணுதான்னீங்க. அச்சை உதைச்சுக் கலைச்சேன்னீங்க. முதல் சட்டி யாருக்கு வார்த்தீங்க?"

"உனக்குத்தான்."

"எனக்கு வார்த்தது எப்படி இன்னொருத்தி வீட்டுக்குப் போச்சு?"

"இன்னொருத்தியும் இல்ல, ஒண்ணும் இல்ல. இதைக் கிளறாத."

"யார்னு சொல்லுங்க, கிளறலை."

"சொல்ல முடியாது. வாக்குக் கொடுத்திருக்கேன்."

அந்தச் சொல்லைக் கேட்டதும் அவளுக்குக் கண்ணீர் பொத்துக்கொண்டு வந்தது. பொய் சொல்லியிருந்தால்கூடச் சண்டை போட்டிருப்பாள். எவளுக்கோ வாக்குக் கொடுத்துவிட்டு, இத்தனை வருஷம் கட்டின பெண்டாட்டியிடம் அதைக் காப்பாற்றிக்கொண்டு வருகிறார் மனுஷன்.

அதற்குப் பிறகு இரும்புச் சட்டி அடுப்பேறவில்லை. அலுமினியத்தில் சமைத்தாள். எல்லாம் அடிப்பிடித்தது. மோல்டர் கருகலைச் சுரண்டிச் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைத்தார். சனிக்கிழமை அவர் வேலைக்குக் கிளம்பும்போது சட்டையில் ஒரு பொத்தான் அறுந்து தொங்கியது. அவள் கண்ணில் பட்டது, ஆனாலும் ஊசியை எடுக்கவில்லை.

அடுத்த புதன்கிழமை சட்டியைத் துணிப்பையில் போட்டுக் கட்டிக்கொண்டு மியூசியத்துக்கே போனாள். வாசலில் மோப்பம் இல்லை, டீ குடிக்கப் போயிருந்தார். நேராக மியூசியத்துப் பெண்ணிடம் போய்ப் பையை அவிழ்த்தாள்.

"தகரம்கூட இல்லைன்னேன், பொய். இந்தா. அந்தச் சட்டி யார் கொடுத்ததுன்னு சொல்லு."

அந்தப் பெண்ணுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! கையுறை மாட்டிக்கொண்டு மேசைச் சட்டியைத் தூக்கி, இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தாள். சேர்த்துப் பார்க்கும்போது பொய் சொல்ல வழியே இல்லை. பெரிய சட்டியின் பொத்தானில் நாலு ஓட்டையும் ஊசி நுழைகிற மாதிரி தெளிவாக இருந்தன. வடுகூட நேற்று விழுந்தது போலக் கூர்மையாக இருந்தது. அவளுடைய சட்டியில் ஓட்டைகள் மழுங்கிச் சின்னக் குழிகளாகத்தான் தெரிந்தன. தேய்த்துத் தேய்த்து மழுங்கியது என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். பிறவியிலேயே மழுக்கம்.

"பேரைச் சொல்லக் கூடாதும்மா. சொல்ல மாட்டோம்னு எழுதிக் கொடுத்துத்தான் வாங்கினோம். கோவிச்சுக்காதீங்க."

"பொம்பளையா, ஆம்பளையா? அதையாவது சொல்லு."

"அதையும் சொல்லக் கூடாதும்மா."

சட்டியைப் பையில் போட்டு மறுபடி கட்டிக்கொண்டாள். ஊரே சேர்ந்துகொண்டு ஒருத்தியை மறைக்கிறது. வீட்டுக்குப் போய்த் துணிமணியை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விடலாமா என்றுகூட யோசித்துக்கொண்டே வாசலுக்கு வந்தாள். மோப்பம் டீ முடித்து வந்து நின்றிருந்தார். இரும்பு வெளியே போகிறது, அவர் கை சும்மா இருக்குமா? பையைப் பிடித்து நிறுத்தி, முடிச்சை அவிழ்த்து, சட்டியை வெளியே எடுத்துவிட்டார். கையில் ஒரு தூக்குத் தூக்கி எடை பார்த்தார். கட்டைவிரல் தேடிப் போய்ப் பொத்தான் மேல் நின்றது.

"இது குட்டியாச்சே" என்றார்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது.

தையற்காரி பையைக் கீழே விட்டாள். "குட்டின்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"என்னது?"

"தாய் எங்க இருந்துச்சுன்னு தெரிஞ்சவங்களுக்குத்தானே இது குட்டின்னு தெரியும். அண்ணே, எவ வீட்டுல இருந்துச்சு? உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்."

மோப்பம் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்தார். வாழ்க்கை பூராவும் மற்றவர்களைக் கையும் களவுமாகப் பிடித்தவர், தானே பிடிபட்டால் எப்படி நிற்க வேண்டும் என்று தெரியாமல் நின்றார்.

"எவ வீட்டுலயும் இல்லம்மா. என் வீட்டுலதான்."

அவள் அவர் மீசையையே பார்த்தாள்.

"உன் வீட்டுக்காரன் அதைத் தூக்கிட்டு வந்தப்ப இதே இடத்துலதான் பிடிச்சேன். கல்யாணம் வருதுண்ணே, விட்டுடுங்கன்னு கெஞ்சினான். முதல் வார்ப்பு இந்த கேட்டுக்கு, ரெண்டாவதுதான் உனக்கு, அதான் எல்லாருக்கும் சட்டம்னு சொல்லிட்டேன். எத்தனை வீட்டு இரும்பு அப்படி என் வீட்டுக்கு வந்திருக்கு தெரியுமா? சரின்னு கொடுத்துட்டுப் போனவன் மறுநாள் வந்து நிக்கறான். ஒரு நாளைக்குக் கடனா குடுங்கன்னான். எதுக்குடா, வேற சட்டி வார்த்துக்கோயேன்னா, பொத்தான் மணல்ல விழுந்து தொலைஞ்சு போச்சுண்ணே, அதோட உருவம் இப்ப இந்தச் சட்டியிலதான் இருக்கு, பொத்தான் இல்லாம எடுத்துட்டுப் போக மாட்டேன்னான். மலை மாதிரி மணல், அதைச் சலிச்சுச் சலிச்சுப் பாத்திருக்கான். இந்த கேட்ல இரும்பை உள்ள எடுத்துட்டுப் போன ஒரே ஆள் அவன்தான். வெளிய தெரிஞ்சா ரெண்டு பேர் வேலையும் போயிடும், யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு வாக்கு வாங்கினேன். கம்பெனி போச்சு, இன்னமும் சொல்லாம இருக்கானா?"

"இருக்காரு" என்றாள். வந்தது சிரிப்பா, அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை. மீசை வைத்த இந்த மனுஷனை நினைத்துத்தானா ஒரு வாரம் அடிப்பிடித்த சோறு போட்டேன்!

"என் சம்சாரம் போன பிறகுதான் மியூசியத்துல கொடுத்தேன்" என்றார் மோப்பம். "அவ இருந்த வரைக்கும் கொடுக்க மனசு வரலை. அதுல இருக்கற பொத்தான் என் யூனிஃபார்ம் பொத்தான்னு சொல்லி வெச்சிருந்தேன். உனக்காகவே ஆள் வெச்சு வார்க்கச் சொன்னேன்னு. லஞ்சமா வந்ததுன்னு பெண்டாட்டிகிட்ட எப்படிச் சொல்றது? அவளும் அதை நம்பிட்டா. கடைசி வரைக்கும் ஒரு வார்த்தை சந்தேகமாக் கேட்டதில்ல."

தையற்காரியின் கண் தானாக அவர் காக்கிச் சட்டைக்குப் போனது. புளி போட்டுத் துலக்கிய பித்தளைப் பொத்தான்கள் வரிசையாக மின்னின. அந்தப் பொத்தானுக்கு முன்பக்கம் ஓட்டையே கிடையாது. பின்னால் ஒரு வளையம் இருக்கும், அதில்தான் நூலைக் கோக்க வேண்டும். அவளே எத்தனையோ காவல் உடுப்புக்கு வைத்துத் தைத்திருக்கிறாள்.

"அவங்க அதுல சமைச்சாங்களாண்ணே?"

"ஒரு நாள்கூட இல்லம்மா. கொடுத்த அன்னைக்கே கைப்பிடியைத் தடவித் தடவிப் பாத்தா. அப்புறம் பரண் மேல ஏத்தி வெச்சவ, இறக்கவே இல்ல. அவ்வளவு ஆசை அதுமேல."

இந்த உடுப்பைத் தினமும் துவைத்து, காயவைத்து, அறுந்த பொத்தானைத் திரும்பத் தைத்த கை அந்தச் சட்டியைத் தடவிப் பார்த்திருக்கிறது. நாலு ஓட்டையும் அந்த விரலில் பட்டிருக்கின்றன. எவள் சட்டை, எவள் பொத்தான் என்று அந்த மனுஷி எத்தனை வருஷம் பரணைப் பார்த்துக்கொண்டே சமைத்திருப்பாள்! கேட்டிருந்தால் இவர் ஒரு நிமிஷத்தில் சொல்லியிருப்பார். கேட்காமலே போய்விட்டாள்.

உள்ளே இருந்து மியூசியத்துப் பெண் ஓடி வந்தாள். "அம்மா, ஒரு நிமிஷம்! அந்தப் பொத்தான் யாரோடதுன்னு உங்களுக்குத் தெரியுமா? தெரிஞ்சா அட்டையில சேர்த்துடலாம்."

மோப்பம் தையற்காரியின் முகத்தைப் பார்த்தார். அவர் முகத்தில் கெஞ்சல் இருந்தது.

"தெரியாது கண்ணு" என்றாள் அவள். அவர் பக்கம் திரும்பி, "ஆமாண்ணே, ஆசைதான்" என்று மட்டும் சொல்லிவிட்டு, சட்டியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.

தெருவில் இறங்கியதும் நடையை எட்டிப் போட்டாள். சட்டி கனத்தது, இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். அடுப்பைப் பற்ற வைப்பதற்கு முன்னால் முதல் வேலையாக புருஷனை வீட்டு வாசலிலேயே நிறுத்தி ஒரு பிடி பிடிக்க வேண்டும். தெருவே கூடினாலும் சரி, மனசில் ஒன்று பாக்கி வைக்காமல் எல்லாவற்றையும் கத்திக் கேட்டுவிட வேண்டும். அப்புறம் அந்த அறுந்த பொத்தானைத் தைக்க வேண்டும்.